டெரன்சுக்குக் குறைந்த பத்தாவது தையல்

டெரன்ஸ் யாரென்றால், என் சின்ன மாமன் மகன் அம்புரோஸின் மூத்த பிள்ளை. அவன் அம்மா வழியிலும் நமக்கு உறவுதான், அதை இழுத்தால் பொழுது போய்விடும். பட்டாளத்தில் மருத்துவ சார்ஜண்ட். சேர்ந்து பன்னிரண்டு வருஷமாகிறது, சண்டை எதையும் பார்த்ததில்லை. முகாமில் வருவதெல்லாம் காய்ச்சலும், பூட்ஸ் கடித்த கொப்புளமும்தான். கை மறந்துவிடக் கூடாதென்று வருஷத்துக்கு ஒரு மாதம் ஏதாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். இந்த வருஷம் தேயிலை மலைமேல் இருக்கும் தானா ராத்தா ஆஸ்பத்திரி. மாதம் முடிவதற்குள் பத்துக் காயத்துக்குத் தையல் போட வேண்டும், பக்கத்தில் நின்று பார்த்த தாதி கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் நோயாளியைத் தொடும் வேலை போய் மருந்து ஸ்டோர்.

ஒன்பது ஆகிவிட்டது. கடைசி நான்கு நாள் மலையில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எவனாவது வெட்டிக்கொண்டு வரமாட்டானா என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது அவனுக்கே அசிங்கமாக இருந்தது. தூக்கமும் போய்விட்டது.

கடைசி நாள் மத்தியானம் லோரியில் வந்து இறங்கியது, அதே மலைத் தோட்டத்தில் வேலை செய்யும் அவன் அப்பா அம்புரோஸ். கொழுந்து வெட்டும் மெஷின் முன்கையைக் கிழித்திருந்தது. தோட்டக் குடியிருப்பான லயத்து வழக்கப்படி காயம் நிறையக் காப்பித்தூளை அப்பியிருந்தார்கள். டெரன்சுக்கு அதைக் கழுவி எடுக்கவே முக்கால் மணி நேரம். அவன் ஊசியை எடுத்தபோது தாதி கேத்லீன் கேட்டாள்:

"சொந்தக்காரங்களா? சொந்தம்னா கணக்குல வராது லா."

அம்புரோஸ் முந்திக்கொண்டான். "இவனா? யாருன்னே தெரியாது மிஸ்ஸி. தைக்கச் சொல்லுங்க."

"அப்படியா அங்கிள்? மூக்கு ஒரே மாதிரி இருக்கே."

"தமிழனுக்கு எல்லாம் இதே மூக்குதான்."

கேத்லீன் சிரித்துவிட்டாள். டெரன்ஸ் சிரிக்கவில்லை. ஊசியைத் தட்டில் வைத்தான்.

"எங்க அப்பா, மிஸ்ஸி. நீங்களே தைங்க."

கேத்லீன் எட்டுத் தையல் போட்டாள். முடியும்வரை அம்புரோஸ் மகன் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் வெடித்தான்.

"பெத்த புள்ளயவே யாருன்னு தெரியாதுங்கிறேன். ஒனக்கு வாய மூடிக்கிட்டு இருக்கத் தெரியல?"

"தெரியலப்பா. ஏறுங்க, லோரிக்காரன் காத்திருக்கான்."

திங்கட்கிழமையிலிருந்து டெரன்ஸ் ஸ்டோரில் மாத்திரைப் பெட்டி அடுக்குகிறான். அடுத்த வருஷமும் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறானாம். கொடுப்பார்களோ என்னவோ.