தக்காளி இல்லாத லசான்யா

என் தம்பி புதுச்சேரியில் ஓர் இத்தாலி உணவகத்தில் சமையல் வேலை பார்த்தான். மாதம் ஒரு முறையாவது செஞ்சிக்கு வருவான். பையில் மாற்றுத்துணி இருக்கிறதோ இல்லையோ, மொசரெல்லா சீஸ் கட்டாயம் இருக்கும். ஐஸ் வைத்துச் செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவருவான். அம்மா போன பிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான். அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எனக்குக் கல்யாணம் நடந்து, அது நிலைக்காமல் திரும்பி வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன்.

அவன் வந்தால் லசான்யாதான், மாவுப் பட்டைகளுக்கு நடுவில் சாஸும் சீஸும் அடுக்கி வேகவைக்கிற இத்தாலிச் சாப்பாடு. மைதாவில் முட்டை ஊற்றிப் பிசைந்து, சப்பாத்திக் கட்டையால் மெல்லிசாகத் தேய்த்துப் பட்டை பட்டையாக அறுப்பான். எங்கள் வீட்டில் ஓவன் அடுப்பு கிடையாது. பெரிய அலுமினியக் குண்டானில் கல்லுப்பைப் பரப்பிச் சூடேற்றி, அதற்குள் தட்டை இறக்கி மூடிவிடுவோம். உள்ளே என்ன வைப்பது என்பதில்தான் எங்களுக்குச் சண்டை.

அவனுக்கு ஆட்டுக் கொத்துக்கறி வேண்டும். அது தக்காளியோடு சேர்ந்து நிதானமாகச் சுண்ட வேண்டும். பாலில் காய்ச்சிய வெள்ளை சாஸில் ஜாதிக்காய் துருவ வேண்டும். காரம் தலைகாட்டக் கூடாது. எனக்கோ கறியும் சீஸும் சேர்ந்த வாசனையே குமட்டும். கத்தரிக்காயை வதக்கி, பூண்டும் பச்சை மிளகாயும் கருவேப்பிலையும் போட்டு, நடுவில் பனீரை உதிர்த்தால் போதும் என்பேன். அதற்குப் பேசாமல் கத்தரிக்காய்ப் பொரியலே செய்து சாப்பிடு என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கடைசியில் ஒரே தட்டில் பாதி அவனுக்கு, பாதி எனக்கு என்று முடியும். நைனா இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு துண்டு வாங்கி, இரண்டின் மேலும் இட்லிப் பொடி தூவிக்கொள்வார்.

ஒரு பொங்கலுக்கு வந்தபோது அவன் கால் வீங்கியிருந்தது. நாளெல்லாம் அடுப்படியில் நிற்கிற வேலை, அதனால்தான் என்றான். நான் மருந்துக்கடைக்காரி, விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது, மேலே எழும்பவில்லை. மறுநாளே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். எப்போதிலிருந்தோ இருந்த பிரஷரை அவன் கவனிக்கவே இல்லை. இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய போய்விட்டிருந்தன.

வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டான். வாரத்தில் இரண்டு நாள் விழுப்புரத்தில் டயாலிசிஸ். கடையில் சொல்லிவிட்டு நானும் கூடவே போவேன். என்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். எனக்குச் சர்க்கரை இருப்பதால் கூடாது என்றார்கள். நைனாவுக்கு வயது தாண்டிவிட்டது.

சாப்பாட்டில்தான் அவனுக்குப் பெரிய அடி. உப்பு மிகக் குறைவாக. தக்காளி வேண்டாம், சீஸ் வேண்டாம், பால் வேண்டாம். எந்தக் காயையும் நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். கறி மட்டும் அளவாகச் சாப்பிடலாம். இருக்கிறதை வைத்து அவனுக்கு லசான்யா செய்து தர நினைத்தேன். அதுவரை கறியைக் கையால் தொட்டு நறுக்காதவள், கொத்துக்கறி வாங்கிவந்து வதக்கினேன். தக்காளிக்குப் பதிலாகச் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு அரைத்தேன். பால் இல்லாமல் மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினேன். நிறம் மட்டும் கிட்டத்தட்ட சரியாக வந்தது.

அவன் ஒரு வாய் வைத்துவிட்டு, தட்டைத் தள்ளாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"இதுக்கு வேற பேரு வச்சிடுக்கா," என்றான். கோபமில்லை. "ஒரே ஒரு தடவ சரியா செஞ்சி குடு. அப்புறம் கேக்க மாட்டேன்."

முடியாது என்றேன். அடுத்த வாரமும் கேட்டான், அதற்கடுத்த வாரமும் கேட்டான். நைனா அவன் பக்கம் பேசினார். பையன் ஆசைப்பட்டதைத் தின்னட்டும் என்றார். அவருக்கு அது வெறும் சாப்பாடு. எனக்கோ தக்காளியைப் பார்த்தாலே அவன் நெஞ்சுதான் ஞாபகம் வந்தது. தக்காளியில் இருக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் நெஞ்சு திடீரென்று நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாள் நைனாவிடம் சத்தம் போட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

டயாலிசிஸ் பிரிவில் ஒரு நர்ஸம்மா இருந்தார். எங்கள் சண்டை அவர் காதுக்கும் போயிருந்தது. டாக்டரிடம் கேட்டுவந்து, மிஷின் ஓட ஆரம்பித்த முதல் மணி நேரத்தில் ஒரு சின்னத் துண்டு மட்டும் கொடுக்கலாம் என்றார். அதைக் கேட்டதும் தம்பி சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான்.

அடுத்த டயாலிசிஸ் அன்று காலையில் அவன் நாற்காலி போட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். தெரிந்தவர் ஒருவர் புதுச்சேரியிலிருந்து சீஸ் கொடுத்தனுப்பியிருந்தார். கறி, தக்காளி, ஜாதிக்காய் எல்லாம் அவன் இஷ்டப்படியே போட்டேன். ஒரு துண்டை டிபன் பாக்ஸில் வைத்து, துணியில் சுற்றி, சூடு போகாமல் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

மிஷின் ஓட ஆரம்பித்ததும் பாக்ஸைத் திறந்தேன். ஒரு கையில் ஊசி இருந்ததால் நானே ஸ்பூனால் ஊட்டினேன். மென்றான். இன்னொரு வாய் கேட்டான். அதையும் மென்று விழுங்கிவிட்டுச் சுவரைப் பார்த்தான்.

"இன்னாடா?"

"இரும்பு மாதிரி இருக்குதுக்கா. எல்லாமே இப்ப அப்டித்தான் இருக்குது. இதுவாவது தெரியும்னு நெனச்சேன்."

இந்த நோயில் நாக்கு அப்படித்தான் ஆகும் என்று நர்ஸம்மா பிறகு சொன்னார். அவன் பாக்ஸை என் பக்கம் தள்ளினான்.

"நீ சாப்டு. சாப்டு சொல்லு."

சாப்பிட்டேன். அவன் கேட்கக் கேட்கச் சொன்னேன். ஜாதிக்காய் தெரிகிறதா என்றான். தெரிகிறது, கடைசியில் தெரிகிறது என்றேன். பட்டை அடியில் கெட்டியா, நனைந்திருக்கிறதா என்றான். அடிப் பட்டை நனைந்திருக்கிறது, மேலே ஓரம் மட்டும் மொறுமொறுவென்று இருக்கிறது என்றேன். தக்காளி புளிக்கிறதா என்றான். இல்லை, சுண்டி இனித்துப்போயிருக்கிறது என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான். அவனுக்காக நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கறியும் சீஸும் சேர்ந்த அந்த வாசனையில் அன்று எனக்குக் குமட்டவில்லை. துண்டு முழுவதும் தீரும்வரை அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு அவன் லசான்யா கேட்கவில்லை. ரசம் சாதம் போட்டாலும், கஞ்சி போட்டாலும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். எதையாவது கேட்டு அடம்பிடிக்க மாட்டானா என்று எனக்கு இருந்தது.

ஐப்பசி அடைமழையில் அவனுக்கு நுரையீரலில் தண்ணீர் சேர்ந்தது. விழுப்புரத்தில் சேர்த்தோம். இரண்டாம் நாள் போய்விட்டான். ஆம்புலன்ஸில் அவனைக் கொண்டுவரும்போது நைனா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஊர் வந்து சேரும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கருமாதிக்குப் பனமலையிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். படையலுக்கு வடை, பாயசம், கறிக்குழம்பு, அவனுக்குப் பிடித்த முறுக்கு என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். அதுவரை வாசலில் உட்கார்ந்திருந்த நைனா எழுந்து வந்து, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அதயும் செய்மா. அவன் செய்யிற மாதிரியே செய்."

செய்தேன். கத்தரிக்காய் பற்றியோ மிளகாய் பற்றியோ யாரும் பேசவில்லை. இலையில் அது மற்றவற்றோடு ஒட்டாமல் தனியாகக் கிடந்தது. பெரியம்மா அது என்னவென்று கேட்டார். ஹோட்டலில் தம்பி செய்த பலகாரம் என்றேன். கும்பிட்டு முடித்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொந்தக்காரர்கள் அதை ஓரமாக ஒதுக்கிவைத்தார்கள். நைனா மட்டும் முதலில் அதைத்தான் எடுத்தார். பொடி கேட்கவில்லை.

சாயந்திரம் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். தட்டில் பாதிக்கு மேல் மீந்திருந்தது. யாருக்காவது கொடுக்கலாமா என்று நைனாவிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அதையே சூடு பண்ணி நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.