இடப்பக்கப் பெட்டி

எங்கள் சலவை நிலையத்தில் என் அண்ணியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மைக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய ஜெபத்தின் சத்தம் அப்படி. பின்கட்டில் இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்று அவள் ஜெபித்தால், முன்பக்கக் கவுண்டரில் துணிகளுக்கு எண் சீட்டு குத்திக்கொண்டிருக்கும் எனக்கும் கேட்கும், வாசலில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நிற்கும் வாடிக்கையாளருக்கும் கேட்கும்.

அவளாகவே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது. ஒரு துணியை மேசையில் விரித்தால், அதைப் போடுகிற ஆளுக்காக ஒரு ஜெபம். ஆள் யாரென்று தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். “ஆண்டவரே, நூத்திப் பன்னெண்டோட கறுப்புக் கோட்டு இந்த மாசம் மூணாவது தடவையா வருது. இன்டர்வியூ இன்டர்வியூன்னு அலையுறான் போல. பாவம், ஒரு வேலை அமையட்டும்” என்பாள். கோட்டின் கைகளை அவள் மடிப்பதைப் பார்த்தால் அந்த ஆள் பக்கத்திலேயே நிற்கிறான் என்று தோன்றும். மேற்பார்வையாளர் ஒருமுறை, “ஜெபம் பண்ணும்மா, வேணாங்கல. வாடிக்கையாளரோட வண்டவாளத்த எல்லாம் சத்தமா சொல்லாத” என்று கெஞ்சினார். அண்ணி ஒரு நாள் மெதுவாகச் செய்து பார்த்தாள். அவளால் முடியவில்லை.

என் அண்ணனும் வீட்டில் அதையேதான் சொல்வான். “மெதுவா, மைக், மெதுவா! ஆண்டவருக்கு ஒண்ணும் காது மந்தமில்ல.” அவளும் விடமாட்டாள். “உங்களுக்காகத்தான் கேக்குறேன். நீங்க செஞ்ச காரியத்துக்கெல்லாம் மெதுவா கேட்டா வேலைக்கு ஆகாது” என்பாள். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் இப்படியே போகும். எனக்குக் கோபம்கூட வரும், ஒரு வீட்டில் இவ்வளவு சத்தமா என்று. இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் ஒரு கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, மூன்றாவது மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்துவிட்டான். அறுவைசிகிச்சை ஆறு மணி நேரம் நடந்தது. ஆபரேஷன் அறை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அண்ணி நின்றுகொண்டே ஜெபித்தாள். உட்காரச் சொன்னாலும் கேட்கவில்லை. “நடக்க வையும், நடக்க வையும்” என்று ஒரே வார்த்தைதான். பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், “பாருங்க, நடந்தே வெளிய வருவார்” என்று அடித்துச் சொன்னாள். டாக்டர் வந்தார். உயிருக்கு ஆபத்தில்லை, இடுப்புக்குக் கீழே இனி அசையாது என்றார். அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு, “சரிங்க” என்றாள்.

அவ்வளவுதான், மைக் அணைந்துவிட்டது.

கோயிலுக்கு வராமல் இருந்தாள் என்று நினைக்காதீர்கள். ஒரு ஞாயிறு தவறாது வருவாள், கடைசி பெஞ்சில் உட்காருவாள், பாட்டு வந்தால் எழுந்து நிற்பாள். வாய் மட்டும் திறக்காது. நான் சும்மா இருக்கிறவளா? போட்டுக் குடைந்தேன். ஒரு நாள் சொன்னாள்: “கேட்டேன், கிடைக்கல. மறுபடி அதையே கேட்டா அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். விட்டுடு.”

ஆனால் அவளால் விட முடிந்ததா என்ன? அவளுக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. இஸ்திரி போட்ட சட்டையையே எடுத்து மறுபடி போடுவாள். வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தோமா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பாள். துடைத்த மேசையைத் துடைப்பாள். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய்க்கு மேல் உட்காரமாட்டாள், தண்ணீர் எடுக்க எழுந்து போய்விட்டு எதற்கு வந்தோம் என்று நிற்பாள். அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் தொற்றிக்கொண்டது. மாடியில் என் அறைக்கும் கீழே அவர்கள் வீட்டுக்கும் ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்கினேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அலாரம் அடிக்கும். அண்ணனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். நாங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு நர்ஸம்மா பார்த்துக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் அண்ணிதான். அவன் தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை. “ஒண்ணு, ரெண்டு, மூணு.” புரட்டுவாள். அந்த வீட்டில் பல நாள் அவள் பேசிய வார்த்தைகள் அந்த மூன்று மட்டும்தான்.

பதினோராவது மாதம் அண்ணன் என்னைக் கூப்பிட்டான். அண்ணி குளிக்கப் போயிருந்தாள்.

“கோயில் சீட்டு ஒண்ணு எடுத்துட்டு வந்து கொடு” என்றான்.

எங்கள் கோயில் வாசலில் இரண்டு மரப்பெட்டிகள் உண்டு. இடப்பக்கம் விண்ணப்பப் பெட்டி, வலப்பக்கம் நன்றிப் பெட்டி. சீட்டில் ஆளையும் காரியத்தையும், அடியில் எழுதுகிறவர் பெயரையும் மட்டும் எழுத வேண்டும், அதற்கு மேல் ஒரு எழுத்துகூடக் கூடாது. ஒரு காலத்தில் ஒருவர் தன் வயிற்றுவலியைப் பற்றி நான்கு பக்கம் எழுதிப் போட்டு, போதகர் அதை வாசித்து முடிப்பதற்குள் பாதி சபை பசியில் வாடிவிட்டது. அப்போது வந்த சட்டம் இது. வேண்டுதலா நன்றியா என்பதைப் பெட்டிதான் சொல்லும்.

மல்லாந்து படுத்து எழுதினால் பேனா எழுதாது. பென்சில் கொடுத்தேன். கோணல்மாணலாக எழுதி மடித்தான். நான் என்ன யோக்கியமா, படிக்கட்டிலேயே பிரித்துப் பார்த்தேன். ‘என் மனைவி — ஜெபம்.’ அடியில் அவன் பெயர்.

திரும்பி ஓடிவந்தேன். “உன் காலுக்கு எழுதலையாண்ணா?”

“காலுக்கு ஊரே கேட்டுக்கிட்டு இருக்கு. கால் இல்லாம இருந்து பழகிட்டேன். இவ சத்தம் இல்லாத வீட்டுலதான் என்னால இருக்க முடியல.” கண்ணை மூடிக்கொண்டான். “அவ உள்ளுக்குள்ளயே காஞ்சு போறா. படுத்துக்கிட்டு அதப் பாக்குறதத் தவிர எனக்கு வேற வேலை இல்ல.”

அந்த ஞாயிறு நாங்கள் கிளம்பவே தாமதம். அண்ணி என் சேலையை இரண்டாவது தடவை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கோயில் வாசலில் வண்டி நிறுத்துகிறவனோடு எனக்கு ஒரு சண்டை. பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஓடிப்போய், அண்ணன் காலுக்காகப் பதினோரு மாதமாக எந்தப் பெட்டியில் சீட்டு போட்டேனோ அதே இடப்பக்கப் பெட்டியில் சீட்டைத் திணித்தேன். அந்த வாரம் சுவருக்குப் பெயின்ட் அடித்து, பெட்டிகளை இடம் மாற்றி மாட்டியிருந்தார்கள். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நின்று படித்தால் அது நானா?

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அண்ணனுக்கு போன் போட்டு, வழக்கம்போல மடியில் வைத்துக்கொண்டேன். ஆராதனையை அவன் அப்படித்தான் கேட்பான்.

போதகர் நன்றிச் சீட்டுகளை வாசித்தார். ஒருவருக்குக் குழந்தை பிறந்திருந்தது, இன்னொருவருக்குக் கண் சரியாகியிருந்தது. மூன்றாவது சீட்டைப் பிரித்ததும் அவர் முகம் மலர்ந்தது. “நம்ம லிஃப்ட் மெக்கானிக் சகோதரர் எழுதியிருக்கார். தன் மனைவியோட ஜெபத்துக்காக நன்றி செலுத்துறார். படுக்கையில கிடக்குற மனுஷன அந்த அம்மாவோட ஜெபம்தான் தாங்குது. சபையார் எல்லாரும் அந்தச் சகோதரிக்காக ஸ்தோத்திரம் சொல்லுவோம்!”

எந்தப் பெட்டியில் போட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாத் தலைகளும் பின்பக்கம் திரும்பின. “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்று ஒரே சிரித்த முகங்கள். அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு எழுந்தாள்.

“ஐயா, அது பொய்.”

போதகர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்.

“நான் ஜெபம் பண்ணவே இல்ல ஐயா. பதினோரு மாசமா ஒரு வார்த்தை பேசல.” அவள் இப்போது போதகரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே, ஜன்னலுக்கும் மேலே எங்கேயோ பார்த்தாள். “உமக்குத் தெரியும், நான் பேசல. செருப்பக் கழட்டிட்டு அந்த வாசல்ல நின்னேனே, அப்ப எங்க போயிருந்தீர்? நடக்க வையும்னு கேட்டேன். உயிர மட்டும் கொடுத்தீர். நன்றி சொல்றதா, சண்டை போடுறதா? எனக்குத் தெரியல, வாய மூடிக்கிட்டேன். தினமும் அந்த மனுஷனப் புரட்டுறேன். ஒவ்வொரு தடவையும் உம்ம கூப்பிட வாய் வருது, முழுங்கிடுறேன். தொண்டையெல்லாம் அடைச்சுக் கிடக்கு! எனக்கு உம்ம மேல கோவம். அந்தக் கோவத்தச் சொல்லவும் உம்மத் தவிர எனக்கு ஆள் இல்லையே!”

பழைய சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று சொன்னால் மிகை, ஆனால் வண்டி நிறுத்துகிறவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

“அவருக்குக் கால் கொடும். அது உமக்கு முடியாதுன்னா எனக்குத் தோள் கொடும். ரெண்டுல ஒண்ணு கொடும், சும்மா இருக்காதீர். நான் இனிமே சும்மா இருக்கமாட்டேன், சொல்லிட்டேன்.”

குரல் உடைந்து அழுதாள். பெஞ்சில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அப்போது என் மடியிலிருந்து, கரகரவென்று, “ஆமென்” என்று ஒரு குரல் வந்தது. போனை நான் மறந்தே போயிருந்தேன்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அண்ணி வாயைத் திறக்கவில்லை. போச்சு, மறுபடியும் மூடிக்கொண்டாள் என்று எனக்குப் பதைப்பு. உள்ளே நுழைந்ததும் அவள் நேரே முகம் கழுவப் போய்விட்டாள். நான் அண்ணன் காதருகே குனிந்து, “சீட்ட நன்றிப் பெட்டில போட்டுட்டேன்ணா. தப்பு என்மேலதான். நாளைக்கே போதகர்கிட்ட சொல்லி மாத்திடுறேன்” என்றேன்.

அவன் காதோரமெல்லாம் ஈரம். “மாத்துனேன்னா கையை ஒடிச்சுடுவேன்” என்றான். “அது நன்றிச் சீட்டாவே இருக்கட்டும்.”

அலாரம் அடித்தது. அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் இரண்டு பேரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, வெட்கம். தோளுக்கடியில் ஒரு கை கொடுத்தாள், இடுப்புக்கடியில் ஒரு கை.

“ஒண்ணு” என்றாள். நின்றாள். “ரெண்டு.” மறுபடி நின்றாள்.

“ஆண்டவரே, பிடியும்” என்றாள், முணுமுணுப்பாக.

அண்ணன் புரண்டான். அவன் கால்கள் தாமாக அசையவில்லை. அவள்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தாள், எப்போதும்போல. தலையணையில் முகம் புதைந்திருந்தவன் ஏதோ சொன்னான். அண்ணி பயந்துபோய், “என்னங்க, வலிக்குதா?” என்று குனிந்தாள்.

“சத்தமா சொல்லு, மைக்” என்றான் அண்ணன். “எனக்குக் கேக்கல.”