ஒன்றேகாலின் கையெழுத்து

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஒன்றேகால்’ என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் தொடங்கிய பெயர் இருபத்தாறு வருடத்தில் முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

லிஃப்ட் பரிசோதனை அவருடைய வேலை. புதிதாகப் பொருத்தியதோ பழுது பார்த்ததோ, அவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழைக் கூண்டுக்குள் ஒட்டிய பிறகுதான் அதில் மனிதர் ஏறலாம். பத்துப் பேருக்கான லிஃப்ட் என்றால் பன்னிரண்டரைப் பேரின் எடைக்கு இரும்புக் கட்டிகளை உள்ளே அடுக்கச் சொல்வார். சொன்ன அளவைப் போல ஒன்றேகால் மடங்கு. விதியே அதுதான். மற்ற பரிசோதகர்கள் அதை வெளியே நின்று பார்த்துவிட்டுப் பேனாவைத் திறப்பார்கள். இவர் கட்டிகளை இறக்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் தனியாக ஏறி, உச்சி மாடிவரை ஒரு தடவை போய்வருவார். “ஏறிப் பார்க்காத எதுலயும் நான் கையெழுத்து போடறதில்ல” என்பார். மெக்கானிக்குகள் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்கள்.

இந்த வழக்கம் அலுவலகத்தோடு நிற்கவில்லை. மகளுக்கு முதல் சைக்கிள் வாங்கியபோது அவள் இருபத்து நான்கு கிலோ இருந்தாள். முப்பது கிலோ மணல் மூட்டையை சீட்டில் கட்டித் தெருவை மூன்று சுற்று தள்ளிக்கொண்டு வந்த பிறகே சைக்கிள் அவள் கைக்குப் போனது. பிசியோதெரபி படிக்க அவளை விடுதியில் சேர்த்த அன்று, அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் தானே ஏறிப் படுத்துப் பார்த்தார். அறைத்தோழிகள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“அப்பா, மானம் போகுது. இறங்குங்க.”

“மானம் எங்கயும் போகாது. கட்டில்தான் ஆடுது” என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தார்.

இதை அன்பு என்று சொல்லி முடித்துவிடலாம். பாதி உண்மைதான். மீதிப் பாதி பயம். இரண்டும் ஒரே ஸ்பானரைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, பிடித்திருப்பவருக்கும் தெரியாது.

அவர் குடித்ததில்லை. கொள்கை என்று ஒன்றும் கிடையாது. கயிறும் உருளையும் கைக்கெட்டும் தூரத்தில் ஓடும் இடத்தில் வேலை செய்கிறவருக்கு நேற்றைய மயக்கத்தின் மிச்சம்கூட ஆகாது என்று இளவயதில் யாரோ சொன்னார்கள். அப்படியே விட்டுவிட்டார். மெக்கானிக்குகள் கூடும் இடங்களில் சோடாவோடு உட்கார்ந்திருப்பார். அது அவருக்கு ஒரு குறையாகவும் படவில்லை, பெருமையாகவும் படவில்லை.

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்கு நான்கு நாள் கப்பல் பயணம் என்பது மனைவியின் ஏற்பாடு. அவள் மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவள். நாள் முழுக்க நின்றே வேலை. “நாலு நாள் நான் உக்காரணும். என்னைத் தாங்கி ஒண்ணு நகரணும்” என்றாள். மகளும் விடுமுறையில் வந்து சேர்ந்துகொண்டாள். ஜன்னல் இல்லாத ஒரு கேபின். இரண்டு கட்டில், மகளுக்கு சோபாவை விரித்தால் ஒரு படுக்கை. கப்பலில் ஏறிய முதல் அரை மணி நேரத்தில் அவர் நான்கு லிஃப்ட்டுகளின் சான்றிதழ்களையும் படித்து முடித்திருந்தார்.

இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டு மேசையில் மகள் ஒரு தாளை அவர் முன்னால் நகர்த்தினாள்.

“அப்பா, ஒரு கையெழுத்து வேணும்.”

“எதுக்கு?”

“படிச்சுப் பாருங்க. படிக்காம எப்படியும் போடமாட்டீங்க.”

அந்தக் கப்பலில் மது இருபத்தொரு வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். பதினெட்டு முதல் இருபது வரை உள்ளவர்கள், தாய் தந்தையரில் ஒருவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டு வரவேற்பு மேசையில் கொடுத்தால், பீரோ ஒயினோ வாங்கலாம். மகளுக்குப் பத்தொன்பது. தாளின் அடியில் பொடி எழுத்தில், மகனோ மகளோ நடந்துகொள்ளும் விதத்துக்குப் பெற்றோரே பொறுப்பு என்று இருந்தது. அவர் மூன்று தடவை படித்தார். சூப் ஆறிப்போனது.

“நாளைக்கு ராத்திரி உங்க ரெண்டு பேருக்கும் விருந்து வச்சிருக்காங்கல்ல? அன்னிக்கு நானும் ஒரு கிளாஸ் ஒயின் எடுத்துக்கறேன். அவ்வளவுதான்பா.”

“கொண்டா, நான் போட்டுத் தரேன்” என்று மனைவி பேனாவுக்குக் கை நீட்டினாள்.

“வேணாம்மா. நீ எதுலயும் போட்டுருவ. அப்பா போட்டாத்தான் அதுக்கு மதிப்பு.”

அவர் தாளிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்: “இதுக்கு முன்னால குடிச்சிருக்கியா?”

அவள் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். “ரெண்டு தடவை. ஹாஸ்டல்ல. பீர்.”

பக்கத்து மேசையில் ஒரு குழந்தை கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

“அப்போ சான்றிதழ் இல்லாமலே ஓடியிருக்கு.”

“ஆமாப்பா. அதனாலதான் இப்போ சான்றிதழ் கேக்கறேன்.”

மனைவி வாயைத் துடைக்கிற சாக்கில் சிரிப்பை மறைத்தாள். அவர் சிரிக்கவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “பாக்கலாம்” என்றார். மகளுக்கு அந்த வார்த்தை தெரியும். அவர் நிராகரித்த லிஃப்ட்டுக்கெல்லாம் முதலில் சொல்வது அதுதான்.

மகள் நீச்சல்குளத்துக்குப் போன பிறகு, மேல்தளத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டே மனைவி சொன்னாள்.

“வேணாம்னு சொல்றதுன்னா சொல்லிடுங்க. ஆனா ஒண்ணு. கேக்காமலே குடிக்கிற வயசு அது. இவ கேக்கறா. ரெண்டு தடவைன்னு கணக்கும் சொல்றா. இதுல நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா அடுத்த தடவை கேக்கமாட்டா. அப்புறம் நம்ம பொண்ணப் பத்தி ஊர்க்காரங்க சொல்லித்தான் நமக்குத் தெரியும்.”

“அதுக்காக? தெரியாத ஒண்ணுல எப்படிக் கையெழுத்து போடறது?”

“உங்களை யாரு டெஸ்ட் பண்ணாங்க கல்யாணத்துக்கு முன்னால? நான் போடல?” என்று சொல்லிவிட்டு அவள் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

அவரால் தூங்க முடியவில்லை. மறுத்தால் மகள் இனி வாய் திறக்கமாட்டாள். சம்மதித்தால் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்காத ஒன்றுக்குப் பொறுப்பேற்க வேண்டும். இதற்கு நடுவில் ஒரு வழி இருப்பதாக அவருக்குத் தோன்றியது. வேறு எந்த அப்பாவுக்கும் தோன்றியிருக்காது. இறங்கிப் போய்ச் சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டிய மதுக்கூடத்தில் உட்கார்ந்தார்.

“சாதாரணமா ஒருத்தர் எவ்வளவு ஒயின் குடிப்பாங்க?” என்று பரிமாறுகிறவனிடம் கேட்டார்.

“சாப்பாட்டோட ரெண்டு கிளாஸ் சார்.”

“அப்போ ரெண்டரை கொடுங்க.”

“ரெண்டரையா?”

“ரெண்டரை.”

கப்பல் வேலையில் பார்க்காத மனிதரே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த ஆள், இரண்டு கிளாஸ் முழுதாகவும் ஒரு கிளாஸ் பாதியாகவும் வரிசையாக வைத்துவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தான். இவர் சட்டைப் பையிலிருந்து பரிசோதனை நோட்டை எடுத்துத் தேதி போட்டார். சுமை: இரண்டரை. சோதனைக்கு உட்பட்டவர்: தான். நோட்டில் இருந்தவை இவை.

‘3.10 – மாற்றம் இல்லை. புளிப்பு.

3.25 – காது சூடு.

3.40 – எதிர் மேசைக்காரர் நல்லவர் என்று தோன்றுகிறது. காரணம் தெரியவில்லை.

3.55 – எல்லாரும் நல்லவர்கள்.’

அதற்குக் கீழே இருந்த வரி கோட்டை விட்டிறங்கிப் பக்கத்தின் ஓரத்துக்குப் போய்விட்டிருந்தது. வெறும் வயிற்றில் குடிக்கிறோம், சூப்பைக்கூடத் தொடவில்லை என்பது அவருக்கு நினைவில் வரவில்லை. எடை ஏற்றும் முன் லிஃப்ட்டுக்கு அடியிலுள்ள குழியைப் பார் என்று இருபத்தாறு வருடமாகப் பிறருக்குச் சொல்லி வந்தவர் அவர்.

எழுந்து லிஃப்ட்டுக்குப் போனார். அங்கேதான் சிக்கல். அவருடைய கேபின் எந்தத் தளம் என்பது மறந்துவிட்டது. ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி மேலும் கீழும் போய்வந்தார். ஏறுகிறவர்களுக்கெல்லாம், “பயப்படாதீங்க, கயிறு அறுந்தாலும் இது விழாது” என்று தைரியம் சொன்னார். அதுவரை அப்படி ஒரு பயமே இல்லாத இரண்டு பேர் அடுத்த தளத்திலேயே இறங்கிப் படியில் போனார்கள்.

ஏழாம் தளத்தில் கதவு திறந்தபோது, ஈரத்தலையும் தோளில் துண்டுமாக மகள் நின்றுகொண்டிருந்தாள். அவரையும் அவர் கண்ணையும் பார்த்தாள். உள்ளே வந்து அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“எவ்வளவுப்பா?”

“ரெண்டரை.”

“ஏன் ரெண்டரைன்னு கேக்கமாட்டேன்” என்றாள்.

“கயிறு அறுந்தாலும் விழாது, தெரியுமா? ஏன்னு சொல்லு.”

“கவ்வி இருக்குப்பா. கூண்டுக்கு அடியில. வேகம் கூடினா அதுவே ரெண்டு பக்கமும் தண்டவாளத்தைப் பிடிச்சுக்கும். ஒண்ணாங் கிளாஸ்லேருந்து சொல்லிட்டு வரீங்க. இப்போ காலைத் தூக்கி வைங்க. இது நம்ம தளம்.”

கேபினில் அவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முதுகுக்கு ஒரு தலையணையை அண்டக் கொடுத்தாள். குப்பைக்கூடையைக் கட்டிலோரம் நகர்த்தினாள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். அவர் மல்லாந்து திரும்பியபோதெல்லாம் பேசாமல் மறுபடி ஒருக்களித்துப் படுக்கவைத்தாள்.

“இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?” என்று கண்ணை மூடியபடியே கேட்டார்.

“அந்த ரெண்டு தடவையும் என் ரூம்மேட் ரொம்ப குடிச்சிட்டா. நான் ஒரு பீரோட நிறுத்திட்டு அவளைப் பாத்துக்கிட்டேன். மேல்தட்டுக் கட்டில்ல ஏத்தறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. நல்லவேளை, கட்டில் ஆடல.”

அவர் சிரித்தார் என்றும் சொல்லலாம், அழுதார் என்றும் சொல்லலாம். உடனே தூங்கிவிட்டதால் எது என்று தெரியாமலே போயிற்று.

காலையில் தலை இரண்டாகப் பிளந்தது. மனைவி தன் தொழிலுக்கு ஏற்றபடி மாத்திரையும் தண்ணீரும் தயாராக வைத்திருந்தாள். மகள் சாப்பிடப் போயிருந்தாள். அவர் நோட்டைத் தேடி எடுத்துப் படித்தார். தன் கையெழுத்து சறுக்கி விழுந்த இடத்துக்குக் கீழே, மகளின் குண்டு எழுத்தில் ஒரு வரி இருந்தது.

‘4.50 – சுமை பத்திரமாகத் தரையிறக்கப்பட்டது.’

அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்.

“இதுவரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல அவ” என்றாள் மனைவி. “நேத்து நான் வந்து உங்களைப் பாத்துட்டுக் கத்தினதுக்கு, ‘அப்பா வேலையா போனாரும்மா’ன்னா. நோட்டைப் படிச்சுத்தான் எனக்கே தெரியும்.”

“நான் அவளை டெஸ்ட் பண்ணணும்னு நினைக்கல. நான் ஏறிப் பாத்துட்டு...”

“டெஸ்ட்டுதான் முடிஞ்சுபோச்சே” என்றாள் மனைவி. “எடையாப் போனது நீங்க.”

அவர் எழுந்தார். முகம் கழுவிக்கொண்டு, நான்காக மடித்த தாளோடு வரவேற்பு மேசைக்குப் போனார். அங்கிருந்த பெண், “குறிப்புகளுக்கு இடம் இருக்கு சார், ஏதாவது நிபந்தனை இருந்தா எழுதலாம்” என்றாள். பழக்கத்தில் பேனா அந்தக் கட்டத்துக்குப் போனது. அதிகபட்சச் சுமை, செல்லுபடியாகும் தேதி, மறுபரிசோதனை நாள் எல்லாம் கைக்குத் தானாக வரும். பேனாவைத் தூக்கிக்கொண்டு சற்று நேரம் நின்றார். பின்னால் வரிசை நீண்டது. கட்டத்தை அப்படியே வெறுமையாக விட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.

இது சரியா என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையைத் தாங்குகிற கயிறு நாம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிடித்து நிறுத்தும் கவ்வி அந்தப் பிள்ளைக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கலாம். பொருத்தப்படாமலும் இருக்கலாம். அன்று அவருக்குத் தெரிந்தது, தன் மகளிடம் அது இருக்கிறது என்பது மட்டுமே. அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. கையெழுத்துப் போட்ட பிறகும் வயிற்றுக்குள் என்னவோ செய்தது என்று பின்னால் மனைவியிடம் ஒப்புக்கொண்டார். அது முந்தின நாள் ஒயினாகவும் இருக்கலாம் என்றாள் அவள்.

அன்று மாலை விருந்தில் மேசைமேல் இரண்டு கிளாஸ் ஒயினும் ஒரு சோடாவும் வந்தன. சோடா அவருக்கு. மகள் கிளாஸைத் தூக்கி, “இருபத்தஞ்சு வருஷம் தாங்கின அம்மாவுக்கு” என்றாள்.

“ஒன்றேகால் மடங்கு தாங்கியிருக்கேன்” என்றாள் மனைவி.

மகள் குடித்தாள். முகம் சுளிக்கவில்லை, அவசரப்படவில்லை. கிளாஸ் காலியானது. பரிமாறுகிறவர் பாட்டிலோடு வந்து நின்றபோது அவள் அப்பாவைப் பார்க்காமலே, “இன்னும் கொஞ்சம்” என்றாள். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பிறகு மெதுவாக மேசைமேல் வந்து, சோடா கிளாஸைப் பிடித்துக்கொண்டது.

மகள் அதைக் கவனித்துவிட்டாள்.

“என்னப்பா, நோட் எங்க?”

“கேபின்ல வச்சிட்டு வந்துட்டேன்” என்றார்.