இளவரசன் சொன்ன பச்சைத் தண்ணீர்

"மேல சுடுது, கீழ ஜில்லுன்னு இருக்குது. அப்போ தண்ணி எங்க நின்னுச்சி?"

கண்ணை மூடிக்கொண்டு இளவரசன் கேட்டார். அவருடைய இடது கை ரேடியேட்டரின் கீழ்க் குழாயின் மேல் நிதானமாக இருந்தது. வலது கை மேல் குழாயைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. கேள்வி யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. பட்டறையில் நின்ற ஐந்தாறு பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இதை எழுதுகிறவருக்கும் அப்போது தெரியாது.

செஞ்சியில் டீசல் கார் சூடானால் திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் இந்தத் தகரக் கொட்டகைக்குத்தான் இழுத்து வருவார்கள். மெக்கானிக் இளவரசனுக்கு நாற்பத்தாறு வயது. கம்ப்யூட்டரில் குறை கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை அவரும் வாங்கி வைத்திருக்கிறார். அது துண்டில் சுற்றி அலமாரியில் கிடக்கிறது. முதலில் கை, பிறகு மூக்கு, பிறகு காது, கடைசியில்தான் கருவி. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்று அவர் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. சட்டைக் கையை மேலே சுருட்டி, முழங்கை வரை சுருங்கிப்போன தோலைக் காட்டுவார். "பத்தொம்பது வயசுல தொறந்தேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சொற்களைச் செலவழிக்க அவருக்கு மனம் வராது. வண்டியில் ஓடும் திரவங்களுக்கெல்லாம் நிறத்தை வைத்தே பெயர். என்ஜின் ஆயில் கருப்பு. ஸ்டியரிங் ஆயில் செவப்பு. என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் பச்ச. "கருப்பு கொறையுது", "செவப்பு ஒழுகுது" என்று அவர் சொன்னால் பட்டறையில் இருப்பவர்களுக்குப் புரியும். கையில் எப்போதும் பிசுக்கு இருப்பதால் போனை எடுத்துப் பேச மாட்டார். யார் என்ன கேட்டாலும், விரல் முட்டியால் திரையை அழுத்தி ஒரு குரல் செய்தி அனுப்புவார். அதுவும் ஆறேழு சொல்லுக்கு மேல் போகாது.

அன்று வந்த வெள்ளைக் கார் வல்லம் ஊர்ப் பூங்குழலியுடையது. அவள் கணவன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். வண்டியை வாடகைக்கு ஓட்டுவது அவள்தான். காலையில் மூன்று டீச்சர்களைப் பள்ளிக்கூடத்தில் விடுவாள். அமாவாசை வந்தால் மேல்மலையனூருக்கு இரண்டு நடை. இந்த வேலை அவள் கணவனின் அண்ணன் வெற்றிவேலுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அன்று காலை, டீச்சர்களை விட்டுத் திரும்பும்போது வண்டி சூடேறி ஆவி கக்கியது. சேதி கேட்டதும் வெற்றிவேல் தம்பிக்குப் போன் போட்டு ஒரு முடிவும் வாங்கிவிட்டார். என்ஜினின் மேல்பகுதியான ஹெட் சூட்டில் வளைந்திருந்தால் வண்டியை விற்றுவிடுவது, பூங்குழலி வீட்டோடு இருப்பது.

கயிறு கட்டி இழுத்துவந்த டிராக்டரின் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார் வெற்றிவேல்.

"இன்னா இளவரசா, ஹெட்டு போச்சா?"

"பாப்போம்."

"பாக்கறதுக்கு இன்னா இருக்குது? பொம்பள கையில குடுத்தா இப்படித்தான். சூடு காட்டற முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்தா ஓட்டுவாளுங்க?"

"பாத்தேன் மாமா" என்றாள் பூங்குழலி. "பாதிக்கு மேல ஏறுனதுமே ஓரம் கட்டிட்டேன்."

"ஆமா, கட்டுன."

வண்டி ஆறும் வரை இளவரசன் சர்க்கரை போடாத டீ ஒன்றைக் குடித்தார். ஒரு மணி நேரம் கழித்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திருகினார். உள்ளே எட்டிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. விரலை விட்டு எடுத்தார். துருப்பிடித்த செங்கல் நிறத் தண்ணீர். விரல் நுனியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு போல ஏதோ ஒட்டியிருந்தது. இந்தப் பக்கத்துப் போர் தண்ணீர் பிடித்து வைக்கும் குடத்தில் இப்படித்தான் படியும்.

குழாயைத் தொட்டுக் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சூடான தண்ணீர் என்ஜினிலிருந்து மேல் குழாய் வழியாக வருகிறது. ரேடியேட்டரின் மெல்லிய வழிகளில் இறங்கி, ஆறி, கீழ்க் குழாய் வழியாகத் திரும்ப வேண்டும். அந்த வழிகளை உப்புப் படிவு அடைத்துக்கொண்டிருந்தது. மேலே வந்த தண்ணீர் கீழே இறங்கவே இல்லை.

அதிகம் பேசாத மனிதர் அன்று பேசினார்.

"ஏம்மா, இதுல போர் தண்ணி ஊத்தனியா? இது இன்னா, மாட்டுத் தொட்டியா? எத்தினி நாளா ஊத்தற?"

"நாலு மாசமாண்ணே. கொறையறப்பலாம்."

"எந்த மடையன் சொன்னான் ஒனக்கு, போர் தண்ணிய ஊத்துன்னு?"

பூங்குழலி தயங்கினாள். பிறகு சொன்னாள். "நீங்கதாண்ணே."

ஓரத்தில் டயர் மேல் உட்கார்ந்திருந்த, பாவாடை என்ற லாரி டிரைவர் குபுக்கென்று சிரித்தார். இளவரசன் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பூங்குழலி போனை எடுத்தாள். நான்கு மாதத்துக்கு முந்தைய செய்திகளைத் தேடிப் பிடித்து, ஒலியைக் கூட்டி வைத்தாள். முதலில் அவள் குரல்: "அண்ணே, ரேடியேட்டர் டப்பால தண்ணி கோட்டுக்குக் கீழ எறங்கிடுச்சி. இன்னா ஊத்தறது?" அடுத்து, ஸ்பேனர் விழும் சத்தத்தோடு இளவரசனின் குரல்: "பச்ச தண்ணி ஊத்தும்மா. ஒண்ணும் ஆவாது."

"வீட்ல காய்ச்சி ஆற வச்ச தண்ணி இருந்துச்சிண்ணே" என்றாள் அவள். "அதத்தான் ஊத்தலாம்னு பாத்தேன். நீங்க பச்ச தண்ணின்னு சொன்னீங்க. காய்ச்சனது ஆவாது போலன்னு, போர்லேர்ந்து நேரா புடிச்சி ஊத்துனேன்."

இளவரசன் கைபேசியைச் சுட்டி, "இன்னொரு வாட்டி போடு" என்றார். மறுபடியும் கேட்டார். அவருக்கு அது பச்சை நிறத் தண்ணீர். ஊரில் மற்ற எல்லாருக்கும் அது காய்ச்சாத வெறும் தண்ணீர். இருபத்தேழு வருடமாகச் சொல்லிவருகிற சொல்லை அவர் வெளியிலிருந்து கேட்டது அதுவே முதல் தடவை.

வெற்றிவேல் விடவில்லை. "அவரு ஆயிரம் சொல்வாரு. ஒனக்கு அறிவு வேணாமா?"

"அறிவு வேண்டியது எனக்கு. நீ சும்மா இரு வெற்றி" என்றார் இளவரசன்.

இனி ஹெட்டைப் பார்க்க வேண்டும். அவர் முகத்தில் வழக்கமான நிதானம் இல்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். ஹெட் வளைந்து தண்ணீர் ஆயிலில் கலந்திருந்தால் அது மோர் போல வெளுத்திருக்கும். கம்பியை விரல்களுக்கு நடுவே இழுத்தார். மூக்கில் வைத்தார். கருப்பு, கருப்பாகவே இருந்தது. ஆயில் மூடியின் உள்பக்கத்தையும் துணியால் துடைத்துப் பார்த்தார். அதிலும் வெள்ளை இல்லை. ரேடியேட்டரில் தண்ணீரை நிரப்பி, மூடியைப் போடாமல் வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டு, அதன் வாய்க்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். குமிழி வந்தால் ஹெட் போய்விட்டது என்று அர்த்தம், எல்லாம் முடிந்தது. இரண்டு நிமிடம். மூன்று நிமிடம். பூங்குழலி சாவியிலிருந்து கையை எடுக்காமல் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து" என்றார். எழுந்தார். "ஹெட்டு இருக்குது."

"நெசமாவா?" இது வெற்றிவேல்.

"முள்ளு ஏறுனப்பவே இந்தப் பொண்ணு நிறுத்தியிருக்குது. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போயிருந்தா நீ நெனச்சது நடந்திருக்கும்."

அடைத்த ரேடியேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேறொன்று வரவழைத்தார். என்ஜினுக்குள் தங்கிய துருவைத் தண்ணீர் தெளிகிற வரை திரும்பத் திரும்பக் கழுவினார். தண்ணீர் குறைந்துகொண்டே வந்ததற்குக் காரணமும் கிடைத்தது. ஒரு குழாயின் கழுத்தில் கிளிப் தளர்ந்து, தலைமுடி அளவுக்கு ஒரு கசிவு. நான்கு மாதத்துக்கு முன்பு, என்ன ஊற்ற என்று அவள் கேட்டபோது, ஏன் குறைகிறது என்று தான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும் என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

மறுநாள் மாலை மூன்றரை மணிக்கு வண்டி தயார். பூங்குழலியும் வெற்றிவேலும் வந்திருந்தார்கள், பாவாடையும் இருந்தார். ராஜகிரிக் கோட்டை வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்து, இரண்டு குழாய்களையும் தொட்டார். மேலே சூடு, கீழே வெதுவெதுப்பு. அதன் பிறகு கை கழுவினார். சோப்புப் போட்டு, நகக்கண் வரைக்கும். அவருடைய வாடிக்கையாளர்கள் இருநூறு பேருக்கு மேல் இருக்கும் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, இந்த முறை முட்டியால் அல்லாமல் விரலால் அழுத்தினார்.

"இளவரசன் பேசறேன். யாரும் பச்ச தண்ணி..." நிறுத்தினார். அழித்தார். பாவாடை வாயைப் பொத்திக்கொண்டார். மறுபடி அழுத்தினார்.

"இளவரசன் பேசறேன். நான் சொன்னத நம்பி ஒரு வண்டியில வெறும் தண்ணி ஊத்தி ரேடியேட்டர் அடச்சிகிச்சி. தப்பு என்னுது. ஓட்டனவங்க மேல ஒண்ணும் இல்ல. அவங்க டைமுக்கு நிறுத்துனதால ஹெட்டு பொழச்சிது. கடையில கூலன்டுன்னு பேர சொல்லி கேட்டு வாங்குங்க. தண்ணி கொறஞ்சா ஊத்திட்டு வுட்டுடாதீங்க, ஏன் கொறையுதுன்னு பாருங்க. வண்டி வச்சிருக்கிற நாலு பேருக்கு இத அனுப்புங்க."

"ஏம்பா, ஊருக்கே சொல்லணுமா? பொழப்பு கெட்டுடும்" என்றார் வெற்றிவேல்.

அதற்குள் போன் கீச்சிட்டது. மண்டகப்பட்டிலிருந்து கோதண்டராமன் என்பவரின் குரல். "அண்ணே, எனக்கும் அதே மாதிரிதான சொன்னீங்க? நானும் கெணத்துத் தண்ணிதான் ஊத்திகினு இருக்கிறேன்."

"நாளைக்கு எடுத்துட்டு வா" என்று பதில் அனுப்பினார் இளவரசன்.

வெற்றிவேல் பெருமூச்சு விட்டு, சாவிக்காகக் கையை நீட்டினார். வீட்டுப் பெரியவர் என்ற முறையில் தானாக நீண்ட கை அது. இளவரசன் அதைப் பார்த்தார். அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு நடந்து போய், ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தபடி, சாவியைப் பூங்குழலியின் உள்ளங்கையில் வைத்தார்.

டீசல் வண்டி வைத்திருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். தன் பெயரை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது இளவரசனின் நிபந்தனை.