இங்கிலீஷ் ரெண்டு கிழமையில பழகிடும் எண்டு சொன்னது நான்தான்

இண்டைக்கு நான் படிச்ச பள்ளிக்கூடத்து மேடையில நிண்டு பச்சைப் பொய் ஒண்டு சொல்லிட்டு வந்திருக்கிறன்.

மைக்கில! மண்டபம் நிறைஞ்ச பிள்ளையளுக்கு முன்னால!

ஏ/எல் கணிதப் பிரிவுப் பிள்ளையளுக்கு, பொறியியல் பீடத்துக்குப் போறதைப் பற்றி ஒரு நிகழ்வு. எனக்கு இணைந்த கணிதம் படிப்பிச்ச சேர் போன் எடுத்து, "செமஸ்டர் லீவுதானே மகள், வந்து கொஞ்சம் கதைச்சிட்டுப் போங்கோ" எண்டார்.

சேருக்கு ஏலாது எண்டு சொல்ல எனக்கு ஏலாது. (அவற்ற குரலைக் கேட்டா இப்பவும் கை தன்பாட்டில கொப்பியைத் தேடும்.)

ஆனா எங்கட வீட்டுக்கே தெரியாத ஒரு விஷயம் இருந்தது.

முதல் செமஸ்டர்ல நான் மெக்கானிக்ஸ் ஃபெயில்.

ஓம், மெக்கானிக்ஸ்தான். ஏ/எல்ல எனக்குக் கைவந்த பாடம்.

எப்பிடி எண்டு சொன்னா சிரிப்பியள். பரவாயில்லை, சிரியுங்கோ.

பேப்பர்ல ஆகப் பெரிய கணக்கு. ஒரு பீம். அதில ஒரு இடத்தில "எ கப்பிள் ஒஃப் ஃபோர்ட்டி நியூற்றன் மீற்றர்" தாக்குது எண்டு போட்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில படிச்ச இங்கிலீஷில "எ கப்பிள் ஒஃப் டேய்ஸ்" எண்டா ரெண்டு நாள். அப்ப கப்பிள் ஒஃப் நாற்பது?

ரெண்டு நாற்பது! எண்பது!

அந்த எண்பதைக் காவிக்கொண்டு மூண்டு பக்கம் போனன். ஒரு இடத்திலயும் சந்தேகம் வரேல்ல.

கப்பிள் எண்டது இணை. எங்கட இணைதான்! சமனான ரெண்டு விசை எதிரெதிராத் தள்ளி ஒரு பொருளைத் திருப்புமே, அது. தமிழில தந்திருந்தா நித்திரையிலயும் செய்திருப்பன். (புருஷன் பெஞ்சாதி வந்து பீமில குந்தி இருக்கினம் எண்டு எழுதாம விட்டதே பெரிய காரியம்.)

லீவுக்கு வர முதல் லெக்சரரிட்டப் போய்ப் பேப்பரைப் பாத்தனான். சிங்கள ஆள், நல்ல மனுசன்.

"இந்த எண்பது எங்கயிருந்து வந்தது?" எண்டு இங்கிலீஷில கேட்டார்.

தட்டித் தடவி விளங்கப்படுத்தினன். சிரிக்க வெளிக்கிட்டவர் என்ர முகத்தைப் பாத்திட்டு நிப்பாட்டிட்டார்.

"உங்களுக்குக் கணக்குத் தெரியும். ஆனா எழுதியிருக்கிறதுக்குத்தான் நான் மார்க்ஸ் போடலாம்."

அவர் சொன்னது சரி. அதாலதான் அழுகை வந்தது.

அந்த ஒரு சொல் மட்டுமில்லை, உண்மையைச் சொல்லுறன். லெக்சர்ல பாதி விளங்கேல்ல. சந்தேகம் கேக்கக் கையைத் தூக்கினா வசனம் வராது. பிறகு கையைத் தூக்குறதையும் விட்டிட்டன். பள்ளிக்கூடத்தில வாயாடி எண்டு பேரெடுத்தவள், அங்க ஊமை மாதிரி இருந்தனான்.

இதொண்டும் அப்பாவுக்குத் தெரியாது. அப்பா ஹாபருக்கு லொறி ஓடுறவர். அன்புவழிபுரத்தில எங்கட ஒழுங்கையில ஆர் கேட்டாலும் "மகள் இஞ்சினியருக்குப் படிக்கிறா" எண்டுதான் கதையைத் தொடங்குவார்.

சரி, இண்டைக்கு மேடையில ஏறிப் பாக்கிறன்.

முன் வரிசையில அப்பா!

சேர் எனக்குச் சொல்லாம அவரையும் கூப்பிட்டிருக்கிறார். அயன் பண்ணின சேர்ட் போட்டு, கதிரை நுனியில இருக்கிறார்.

கடைசியில கேள்வி நேரம். ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு தங்கச்சி எழும்பினா.

"அக்கா, நாங்கள் எல்லாம் தமிழ்லதானே படிக்கிறம். அங்க இங்கிலீஷ்ல படிக்கிறது கஷ்டமோ?"

தங்கச்சியைப் பாத்தன். அப்பாவைப் பாத்தன்.

"இல்லை தங்கச்சி. ரெண்டு கிழமையில பழகிடும்."

முதல்ல கைதட்டினது அப்பா.

வரக்குள்ள மோட்டச்சைக்கிள்ல "நல்லாக் கதைச்சனீ மகள்" எண்டார். நான் அவற்ற முதுகுக்குப் பின்னால முகத்தை மறைச்சுக்கொண்டு வந்தன்.

பின்னேரம் இன்பொக்சில ஒரு மெசேஜ் வந்தது.

"அக்கா, கேள்வி கேட்டது நான்தான். சனிக்கிழமையில இங்கிலீஷ் கிளாசுக்குப் போறனான். நீங்கள் சொன்ன பிறகு அதை நிப்பாட்டிட்டன். அந்த நேரம் கணக்குச் செய்யலாம்தானே. தேங்ஸ் அக்கா!"

மூண்டு ஹார்ட் வேற.

எழும்பி நேர அப்பாட்டப் போனன்.

"அப்பா, நான் மெக்கானிக்ஸ் ஃபெயில். திருப்பி எழுதவேணும்."

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வைச்சார்.

"அப்ப மேடையில சொன்னது?"

"நீங்கள் முன்னால இருந்தனீங்கள் அப்பா."

"நான் இருந்தா நீ பொய் சொல்லவேணுமோ?"

அவர் எழும்பி வெளிய போயிட்டார். இன்னும் என்னோட கதைக்கேல்ல. சாப்பிடவும் இல்லை.

தங்கச்சிக்கு இன்பொக்சில உண்மையை எழுதிட்டன். ஆனா மைக்கில சொன்ன பொய்யை இன்பொக்சில மட்டும் திருத்த ஏலாது. அந்த மண்டபத்தில இருந்த எல்லாருக்கும் சேத்துச் சொல்லுறன்.

கஷ்டம். சரியான கஷ்டம். இங்கிலீஷ் கிளாசை விடாதேங்கோ. தமிழில படிச்ச ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில அதுன்ர இங்கிலீஷை இப்பவே எழுதி வையுங்கோ.

உங்கட வீட்டில, பக்கத்து வீட்டில அந்த மண்டபத்துக்கு வந்த பிள்ளையள் இருந்தா இதைக் காட்டுவியளோ?

சேர், நீங்களும் இதை வாசிப்பியள். கோவம் வரும், தெரியும். அடுத்த முறையும் என்னைக் கூப்பிடுங்கோ, வருவன்.

அப்பாவை மட்டும் முன் வரிசையில இருத்தாதேங்கோ.