காப்புக் கட்டினவர் கடலுக்குப் போவதில்லை

நீங்க என்ன வேலை பார்க்கிறீங்கன்னு யாராவது கேட்டு, பதில் சொல்ல முடியாமல் முழித்திருக்கிறீர்களா? போதைப்பொருள் கடத்தலை உளவு பார்க்கிற அரசாங்க வேலையில் முதல் கஷ்டமே அதுதான். கடத்தல்காரர்கள் எல்லாம் அதற்கப்புறம்.

நான் கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு ஊராட்சிப் பள்ளியில் தரையில் உட்கார்ந்து படித்தவள். பரீட்சை மேல் பரீட்சையாக எழுதி இந்த வேலைக்கு வந்தேன். வயது முப்பத்துநாலு, யுகேஜி படிக்கிற மகள் ஒருத்தி, பதவிக்கு முன்னால் 'சீனியர்' என்று ஒரு வார்த்தை. வீடு கீரனூரில், ஆபீஸ் திருச்சியில், பொறுப்போ புதுக்கோட்டைக் கடற்கரை. டிபன் பாக்ஸும் கையுமாக பஸ்ஸுக்கு ஓடி, லீவு கேட்டுத் திட்டு வாங்கி, வீட்டுக்கு வந்ததும் அரிசி களைகிற உங்களுக்கெல்லாம் இதைப் படித்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

புள்ளிவிவர ஆபீஸ்

எங்கள் தெருவில் நான் 'புள்ளிவிவர ஆபீஸ்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்படிச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவர் கீரனூரில் குடியிருந்ததில்லை.

எதிர்வீட்டு மல்லிகா அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்துவிட்டார். கணக்கெடுக்க வந்தவர்கள் அவர் வீட்டு ஆடுகளை விட்டுவிட்டார்களாம். "பெரிய ஆடு ரெண்டு, குட்டி மூணு. ஒண்ணு கெடா. எழுது" என்றார். வேறு வழியில்லாமல் என் மகளின் டிராயிங் நோட்டை எடுத்து ஆட்டையும் குட்டியையும் எழுதினேன். பொய் சொல்வது எனக்கு வேலையில் ஒரு பகுதி. ஆனால் ஆட்டுக்கணக்கைத் தப்பில்லாமல் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். அடுத்த வாரம் அக்கா மறுபடி வந்தார்.

"நான் குடுத்த கணக்கு என்ன ஆச்சு? நீ ஆபீசுக்குப் போயி வேலதான் பாக்குறியா, இல்ல சும்மா போயிட்டு வாரியா?"

செவுள்

கட்டுமாவடிப் பக்கத்துக் கரை ஒன்றிலிருந்து அக்கரைக்கு, அதாவது இலங்கைக்கு, கஞ்சா போகப்போகிறது என்று ஒரு தகவல் வந்தது. எந்த நாள், எந்தப் படகு, எதுவும் தெரியாது. போய்ப் பார்க்க வேண்டும். என் கீழே வேலை பார்க்கும் அருள் மீன் வியாபாரி வேஷம் போட்டார். கட்டம் போட்ட கைலி, தலையில் துண்டு, வண்டியில் ஐஸ் பெட்டி. பெட்டியில் ஐஸ்கூட உண்டு. நான் அவருக்கு அக்காவாகக் கூடப் போனேன்.

கரையில் பெண்கள் கூறு போட்டு மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். அருள் முதல் கூறுக்கு முன்னால் குனிந்து, "இத எடுத்துக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். விற்றவள் பெயரைச் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயசு, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. மீனை அள்ளிப் பையில் போட்டவள் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஒரு மீனை எடுத்து, கன்னத்துச் செவுளை விரலால் தூக்கி, உள்ளே வெளுத்துப் போயிருப்பதை எங்களுக்கே காட்டினாள்.

"செவுளத் தூக்கிப் பாக்காம மீன் வாங்குற வியாபாரிய இன்னைக்குத்தான் பாக்குறேன். நீங்க ரெண்டு பேரும் எந்த ஆபீசுங்க?"

பள்ளிக்கூட வாசலில்

அன்றைக்கு நான் மறுக்கவில்லை. மறுத்தால் இன்னும் சத்தமாகக் கேட்பாள் போலிருந்தது. என் நம்பரை ஒரு சின்னத் தாளில் எழுதி, குழந்தை சட்டையில் சொருகிவிட்டு வந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனி மாதக் கடைசியில், மகள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

செல்விதான். அவள் வீட்டுக்காரர் பைபர் படகு வைத்திருக்கிறார். வெளியூர் ஆட்கள் வந்து, வருகிற வெள்ளிக்கிழமை கொஞ்சம் மூட்டையை நடுக்கடல் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தால் புது என்ஜின் வாங்கித் தருகிறோம் என்றார்களாம். மனுஷன் தலையாட்டிவிட்டார். போனால் மாட்டுவார், இந்த மாதிரிக் கேஸில் ஜாமீன் லேசில் கிடைக்காது, படகும் போகும். திடீரென்று மாட்டேன் என்றால், யாரோ தகவல் கொடுத்துவிட்டார்கள் என்று அவர்களுக்குச் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் முதலில் பார்ப்பது வீட்டிலிருக்கிறவளைத்தான். நான் வழக்கம்போல எத்தனை பேர், வண்டி நம்பர் என்ன என்று கேட்க ஆரம்பித்தேன். உள்ளே டீச்சர் என் மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். செல்வி என்னை நிறுத்தினாள்.

"அக்கா, அவரப் புடிச்சுக் குடுக்குறதுக்கு நான் ஒங்களுக்குப் போன் போடல. அந்தாளு போகாம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

ஐந்து யோசனை

எங்கள் மேலதிகாரி வடக்கே பிறந்தவர். தமிழை இங்கே வந்துதான் கற்றுக்கொண்டார். அவர் அறையில் உட்கார்ந்து ஐந்து வழி யோசித்தோம். ஒவ்வொன்றாக நான் செல்வியிடம் போனில் சொல்லச் சொல்ல, அவள் தள்ளிக்கொண்டே வந்தாள். என்ஜின் ரிப்பேர் என்றால்? "அவங்களே மெக்கானிக்கக் கூட்டியாருவாங்க." காய்ச்சல்? "மாத்திரையக் குடுத்து ஏத்திக்கிட்டுப் போயிருவாங்க." வெளியூரில் சாவு? "எந்த ஊரு, யாரு செத்ததுன்னு கேப்பாங்கக்கா." மீதி இரண்டை நான் சொல்லவே இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அவளே கூப்பிட்டாள். குரலில் சிரிப்பு. அன்றைக்கு அவர்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. கையில் அந்த மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டவர், திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது; கடலில் கால் வைக்கக் கூடாது. "பாப்பாவுக்கு அம்மை போட்டப்ப, நீங்க பால்குடம் எடுப்பீங்கன்னு நேந்துக்கிட்டேன், மறந்தே போயிட்டேன், ஆத்தா கனவுல வந்து கேக்குதுன்னு சொன்னேங்க்கா. மனுஷன் ஆடிப்போயிட்டாரு. நேராப் போயிக் கட்டிக்கிட்டாரு" என்றாள். வெளியூர் ஆட்கள் வந்து பார்த்தார்களாம். கயிற்றைக் கண்டதும் அவர்களே இரண்டடி பின்னால் நகர்ந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம். சாமியைப் பகைத்துக்கொண்டு யார் சரக்கு ஏற்றுவார்கள்?

மேலதிகாரிக்கு இது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஒருநாள் மட்டும் கழற்றிவிட்டுத் திரும்பக் கட்டிக்கொள்ள முடியாதா என்று கேட்டார். அருள் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். விளக்கிச் சொன்னோம். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"நாம அஞ்சு யோசிச்சோம், அவங்க ஒண்ணுதான் யோசிச்சாங்க. அந்தம்மாவை நம்ம ட்ரெய்னிங்குக்குப் பாடம் எடுக்கக் கூப்பிடலாமா?"

ஆடியில் முந்திரி

படகு கிடைக்காததால் சரக்கு கரைக்கு வரவில்லை. அது எங்கே நிற்கிறது என்பதும் செல்வி மூலமாகத்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை போக முடியாமல் புது என்ஜின் கைவிட்டுப் போனதற்கு வருத்தப்பட்டுக்கொண்டு வீட்டுக்காரர் அவளிடம் உளறியிருக்கிறார்: மூட்டையெல்லாம் கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஏதோ முந்திரித் தோப்பில் கிடக்கிறதாம். முந்திரித் தோப்பு என்றால் எங்கள் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் அதுதான். ஆபீசில் மேப்பை விரித்தார்கள். நான் பஸ் ஏறி என் ஊருக்குப் போய்விட்டேன்.

லீவு நாட்களில் கொட்டை பொறுக்கி வளர்ந்தவள் நான். தோப்புத் தோப்பாக, பழைய ஸ்கூட்டியில், உறவுக்காரர் வீட்டுக்குப் போகிற மாதிரி சுற்றினேன். மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். ஒரு தோப்புக் கொட்டகையில் புதுப் பூட்டு. வாசலில் மினி லாரி வந்துபோன சக்கரத் தடம். பக்கத்தில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், உள்ளே என்ன என்று கேட்டேன். முந்திரிக்கொட்டை மூட்டையாம், லாரி வருகிறவரை இங்கே வைத்திருக்கிறார்களாம், கேட்டதற்கு அப்படித்தான் சொன்னார்களாம். அந்த அம்மாவுக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு. தையில் பூத்து, வைகாசிக்குள் பறித்து, எல்லாத்தையும் வியாபாரிக்குப் போட்டுவிட்டு ஓய்கிற மரம் அது. ஆடியில் தோப்புக்குள் மூட்டை எங்கிருந்து வரும்?

மத்தியானத்துக்குள் எங்கள் ஆட்கள் வந்து பூட்டைத் திறந்தார்கள். மேலாக ஒரு கை அளவு பழைய கொட்டை, கீழே முழுக்கப் பொட்டலம். மூட்டையை ஏற்ற அப்போதுதான் லாரியோடு வந்து இறங்கிய இரண்டு பேரும் ஓடக்கூட இல்லை. துப்பாக்கிச் சண்டையா என்று கேட்காதீர்கள். என் பையில் இருந்தது மகளுடைய தண்ணீர் பாட்டில்தான். சுள்ளிக் கட்டைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே அந்த அம்மா என்னிடம் சொன்னார்:

"ஆடியில காய்க்கிற முந்திரி இருக்குன்னா, எனக்கும் அதுல ரெண்டு கன்னு வாங்கிக் குடு ஆத்தா!"

காப்பு அவிழ்த்த பிறகு

அறிக்கையில் 'நம்பத்தகுந்த தகவலின்பேரில்' என்று ஒரே வரி எழுதினேன். அதில் செல்வி இல்லை. அவள் வீட்டுக்காரரும் இல்லை, ஏனென்றால் அவர் எதுவும் செய்யவில்லை. பால்குடம் எடுத்தார், அவ்வளவுதான்.

திருவிழா முடிந்த வாரம் கரைக்குப் போனேன். செல்வி கூறு போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் படகிலிருந்து வலையை உதறிக்கொண்டே, மீன் வாங்க வந்தவர்களிடமெல்லாம் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். "பெரிய கண்டம் ஒண்ணு வந்துச்சுங்க. என்னன்னு கேக்காதீங்க. ஆத்தா கனவுல வந்து கையப் புடிச்சு நிறுத்திப்புட்டா. இனி வருசா வருசம் காப்புக் கட்டாம இருக்க மாட்டேன். கண்ட ஆளு கூப்புட்டா திரும்பியும் பாக்க மாட்டேன்." என்னைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டார். யாரென்று தெரியாமல்தான். செல்வி தலையைக் குனிந்து சிரித்தாள்.

இத்தனை பரீட்சை எழுதி, இத்தனை பொய் சொல்லி, ஒரு மாமாங்கம் பஸ்ஸில் நின்று சம்பாதித்த பெயரையெல்லாம் மாரியம்மன் ஒரே திருவிழாவில் வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்பதுதான் என் உத்தியோகத்தின் மொத்தக் கதை.

நான் கிளம்பும்போது செல்வி பையை நீட்டுகிற சாக்கில் கிட்டே வந்தாள். கைக்குழந்தை என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. அதன் விரலைப் பிரித்துவிட்டுக்கொண்டே, வீட்டுக்காரருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"அவரு ஆத்தாதான் காப்பாத்துச்சுன்னு நம்பிக்கிட்டு நிம்மதியா இருக்காருக்கா. அத அப்படியே விட்டுருங்க. இன்னைக்கும் நீங்க செவுளத் தூக்கிப் பாக்கல, யாருக்கும் தெரிஞ்சிரும். இனிமே எங்கிட்ட மீன் வாங்க மட்டும் வராதீங்க."