தாணுமாலயன் காப்பாற்றிய தேவாங்குக் குட்டி

பத்மநாபசாமி கோயில் பக்கத்துச் சாலைக் கடைவீதியில் வேட்டிக்கடை வைத்திருக்கும் தாணுமாலயனுக்கு இளகிய மனசு. காக்கைக்குத் தண்ணீர் வைக்கும் சட்டியில்கூடத் தன் புகைப்படத்தை ஒட்டியிருப்பார்; காக்கைகள் ஆளை மறந்துவிடக் கூடாதல்லவா. கடை ஆள் காய்ச்சல் என்று லீவு கேட்டால் மட்டும் அந்த மனசு கொஞ்சம் இறுகும்.

போன மாசம் போனக்காட்டு எஸ்டேட்டில் ஒரு விசேஷம் முடிந்து, மனைவி பிரேமாவுடன் காரில் திரும்பினார். கருக்கல் நேரம். ரோட்டோரக் கிளையில் உள்ளங்கையளவு தேவாங்குக் குட்டி ஒன்று தனியே தொற்றிக்கொண்டிருந்தது. முகம் முழுக்கக் கண்கள். தாணுமாலயனின் கண்கள் நிரம்பின.

"பெத்தவ விட்டுட்டுப் போயிட்டா பாரு. நான் இருக்கேன் மக்கா."

பிய்த்தெடுத்துப் சரிகைக்கரை போட்ட புதுக் கசவு வேட்டியில் சுற்றினார். காட்டு வாடை போகட்டுமென்று, தான் தினமும் பூசும் ஜவ்வாதை அதன் காதோரம் தடவினார். பிறகு போன் விளக்கைப் போட்டு வீடியோ எடுத்தார்.

"குளிர்ல நடுங்குது பிரேமா."

"விளக்கை அணைங்க, நடுக்கம் நிக்கும். கேட்டியளா, நம்ம சுஜின் கைப்பிள்ளையா இருக்கும்போது அவனைக் கல்லாப் பக்கத்துல கிடத்திட்டு நான் மாடிக்குத் துணி உணத்தப் போவேன். அப்ப ஒருத்தன் இரக்கப்பட்டுத் தூக்கிட்டுப் போயிருந்தா?"

"அது வேற."

"ஒண்ணும் வேற இல்ல. செக்போஸ்ட்ல நிறுத்துங்க."

செக்போஸ்ட்டில் மலையாளி வனக்காவலர் சத்தியதாஸ் வேட்டியை முகர்ந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். "சாரே, தாய் இரை தேடப் போகும்போது குட்டியைக் கிளையில விட்டுட்டுத்தான் போகும். தொடாம எங்களை விளிச்சிருந்தா போதுமாயிருந்து. இப்போ இதில கோயில் மணம். தாய் எடுக்கலைன்னா இது பிழைக்காது. பின்னே, போன்ல காட்டின வீடியோவை வெளியே போட வேண்டா. ஸ்தலம் தெரிஞ்சா பிடிக்க ஆள் வரும்."

தாணுமாலயன் அழுதார். கேமரா இல்லாமல் அவர் அழுதது அதுதான் முதல் தடவை.

சத்தியதாஸ் குட்டியை ஈரத்துணியால் துடைத்து, காரில் கூடவே வந்து, பிரேமா காட்டிய அதே கிளையில் விட்டார். காரைத் தள்ளி நிறுத்தி, விளக்கை அணைத்து, வாயைத் திறக்காமல் இருக்கச் சொன்னார். தாணுமாலயன் பத்மநாபசாமிக்குப் பட்டு நேர்ந்துகொண்டார். பயம் கூடக் கூடச் சரிகை அகலமானது.

கடைசியில் சத்தியதாஸ் வந்தார். "தாய் வந்நு. முகர்ந்துட்டு விலகிப் போச்சு. குட்டி கரைஞ்சு கூப்பிட்டதும் திரும்பி வந்து எடுத்துட்டுப் போச்சு."

பிரேமா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"போகும்போது நம்ம காரைத் திரும்பிப் பார்த்துச்சா?" என்றார் தாணுமாலயன்.

"இல்ல சாரே."

தாணுமாலயன் காரை எடுத்தார்; வழியில் விதுரா ஊர் தாண்டியது. பிறகு, "நன்றிகெட்ட ஜென்மம்" என்றார்.

பிரேமா அவருடைய போனில் வீடியோவை அழித்துக்கொண்டிருந்தாள்.